பல்லாவரம் கல்லும் உங்க பி.எஸ்சி.யும்!

சிட்லபாக்கத்துலயா இருக்கீங்க? இல்ல, செம்பாக்கம், சேலையூர், குரோம்பேட்டைன்னு அக்கம்பக்கத்துல ஏதாவது ஹாஸ்டலா? அப்போ உங்களுக்கு ஒரு ஈஸியான கேள்வி. காலையில அடிச்சுப் பிடிச்சு சானடோரியத்துல பீச் டிரெயின் ஏறுறீங்க. குரோம்பேட்டை தாண்டினா அடுத்த ஸ்டேஷன் என்ன?

'பல்லாவரம்! இதெல்லாம் ஒரு கேள்வியா?'ன்னு முறைக்காதீங்க பாஸ். வெள்ளிக்கிழமை சந்தை, மேம்பாலம், டிராஃபிக்... இதுதானே நமக்குத் தெரிஞ்ச பல்லாவரம்? ஆனா, உலகத்தில் எந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இந்தியத் தொல்லியல் படிச்சாலும் பாடத்தின் தொடக்கத்திலேயே பல்லாவரம் வந்துடும். இந்தியாவின் பழைய கற்காலம் பற்றிய ஆராய்ச்சிக்குப் பிள்ளையார் சுழி போட்டது அங்கேதான். அதைப் போட்டவர் தொல்லியல் படிச்சவரே இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

'எனக்கு ஹிஸ்டரி பிடிக்கும். ஆனா, நான் படிக்கிறது பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி...', 'பழைய கோயில், பழைய கட்டடம்னா உயிர். ஆனா, வீட்டுல பி.காம். சேர்த்து விட்டுட்டாங்க...' இப்படிப் பெருமூச்சு விடுற கோஷ்டி எல்லா காலேஜ் கேன்டீன்லயும் இருக்கு. அவங்களுக்குத்தான் இது. நீங்க டிகிரியை விட வேண்டாம். இன்னும் சொல்லப் போனா, விடவே கூடாது. ஏன்னு சொல்றேன்.

கல்லைத் தூக்கிப் பார்த்த ஜியாலஜிஸ்ட்

ராபர்ட் புரூஸ் ஃபூட். 1858ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்து மெட்ராஸ் வந்த வெள்ளைக்காரர். எந்த இடத்தில் என்ன பாறை, அதன் வயசு என்ன, அடியில் என்ன தாது இருக்குன்னு வரைபடம் போடுவதுதான் அவருக்குச் சம்பளம் கொடுத்த வேலை. 1863 மே 30. கொளுத்துற வெயில் காலம். பல்லாவரம் ராணுவ முகாமின் பிரிகேட் மைதானத்தில் சரளைக்காகத் தோண்டிப் போட்டிருந்த குழியில் ஒரு கல் கிடந்தது. எடுத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் செதுக்கி, ஒரு முனையைக் கூராக்கின கல். இயற்கையா உடைஞ்ச கல் அப்படி இருக்காது. அது ஆதிமனிதன் செய்த கைக்கோடரி!

அதே மைதானத்தில் எத்தனை சிப்பாய்கள் அணிவகுத்துப் போயிருப்பாங்க? அந்தச் சரளையை எத்தனை பேர் கூடையில் அள்ளியிருப்பாங்க? இவர் கண்ணுக்கு மட்டும் ஏன் பட்டது? ஐரோப்பாவில் அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான், 1859 வாக்கில், இந்த மாதிரிக் கற்கள் மனிதன் செய்தவைதான் என்று அறிஞர்கள் ஒத்துக்கொண்டிருந்தாங்க. அந்தச் செய்திகளை ஃபூட் விடாமல் படித்துக்கொண்டு வந்தவர். நம்ம பாஷையில் சொன்னா, சிலபஸுக்கு வெளியே படித்தவர். எந்த மண் அடுக்கில் என்ன இருக்கும்னு தெரியும் என்பதால், கல் கிடந்த இடத்தோட அருமையும் அவருக்குப் புரிந்தது. படிப்பும் ஆர்வமும் ஒண்ணா வேலை செய்த இடம் அது.

அதே வருஷம் செப்டம்பரில், வில்லியம் கிங் என்ற சக ஊழியரோடு சேர்ந்து திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார். சென்னையைச் சேர்ந்த சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் பின்னாளில் அங்கே வருஷக்கணக்கா அகழ்வாராய்ச்சி பண்ணினாங்க. அங்கே கிடைத்த கருவிகளின் வயசு சுமார் 15 லட்சம் வருஷம்னு 2011ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. மண்ணில் இருக்கும் காந்தத் தடங்களையும், கற்கள் மேல் காஸ்மிக் கதிர்கள் பட்ட கணக்கையும் வைத்துத்தான் அந்த வயசைச் சொன்னாங்க. கவனிச்சீங்களா? அது ஃபிசிக்ஸ்!

ஃபூட் சேகரித்த கருவிகள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சானடோரியத்தில் ஏறினா நேரா எழும்பூர்ல இறங்கலாம், டிரெயின்கூட மாற வேண்டாம்.

வெண்கலத்துக்குக் காய்ச்சல்!

எழும்பூர் மியூசியம்னா ஸ்கூல் டூர்ல பார்த்த திமிங்கல எலும்புக்கூடுதானே ஞாபகம் வருது? கெமிஸ்ட்ரி மாணவர்கள் அங்கே கும்பிட வேண்டிய இடம் வேற ஒண்ணு இருக்கு. 1930ல் ஆரம்பிச்ச வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம். இந்தியாவில் ஒரு மியூசியத்துக்குள் இதுக்காக அமைக்கப்பட்ட முதல் ஆய்வுக்கூடம் அதுதான். பொறுப்பேற்றவர் எஸ். பரமசிவன். அவர் வேதியியலாளர்.

அங்கே இருக்கிற சோழர் கால வெண்கலச் சிலைகளில் பல, நூற்றாண்டுக்கணக்கில் மண்ணுக்கடியில் கிடந்தவை. மண்ணிலிருக்கும் உப்பு, அதாவது குளோரைடு, செம்புக்குள் போய் உட்கார்ந்திருக்கும். வெளியே எடுத்ததும் காத்தும் ஈரமும் படும். உடனே வேலையை ஆரம்பிக்கும். வெளிர் பச்சையா மாவு மாதிரி ஒண்ணு கிளம்பும். அதோடு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். அந்த அமிலம் இன்னும் கொஞ்சம் செம்பைத் தின்னும். மறுபடி மாவு, மறுபடி அமிலம்... சுத்திச் சுத்தி நடக்கும். இதுக்குப் பேரே 'வெண்கல நோய்'. கண்டுக்காம விட்டா ஆயிரம் வருஷச் சிலை அரிச்சுப் போயிடும். பரமசிவன் மின்பகுப்பு முறையில் அந்தக் குளோரைடை வெளியே இழுத்தார். பிளஸ் டூ லேப்ல நீங்க பண்ணின அதே மின்பகுப்புதான். என்ன, முன்னால பீக்கருக்குப் பதிலா நடராஜர்!

தஞ்சைப் பெரிய கோயில் கதையும் இதே ரகம். கருவறையைச் சுத்தி வரும் இருட்டுப் பாதையில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைஞ்சிருப்பதை 1931ல் கண்டுபிடித்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி. அவர் வரலாற்று ஆசிரியர். அந்த ஓவியங்கள் எந்தச் சாந்தின் மேல், என்ன நுட்பத்தில் வரையப்பட்டவைன்னு ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் நம்ம பரமசிவன். ஒருத்தர் கண்டுபிடிக்க, இன்னொருத்தர் அது ஏன் இத்தனை நாள் உதிராம நின்னதுன்னு சொல்ல... ரெண்டு பேரும் தேவைப்பட்டாங்க.

இந்த வரிசையில் இன்னொருத்தரையும் சொல்லாம விட முடியாது. ஐராவதம் மகாதேவன். ஐ.ஏ.எஸ். அதிகாரி, பிறகு தினமணி ஆசிரியர். உத்தியோகத்துக்கு நடுவிலேயே மலை மலையா ஏறிக் குகைகளில் இருக்கும் தமிழ் பிராமிக் கல்வெட்டுகளைப் படித்தவர். 2003ல் வெளிவந்த அவருடைய பெரிய நூல்தான் இன்றைக்கும் அந்தத் துறைக்கு அடிப்படை. 'டைம் இல்லை'ன்னு சொல்றதுக்கு முன்னால ஒரு கலெக்டர் லெவல் ஃபைல் கட்டை மனசுல நினைச்சுக்குங்க!

சிமென்ட் பூசினா என்ன தப்பு?

சிவில் மாணவர்களே, ஒரு நிமிஷம். தாம்பரம், பல்லாவரம் பக்கம் மிச்சமிருக்கிற பழைய வீடுகளில் நிமிர்ந்து பார்த்தா, தேக்கு உத்தரத்துக்கு மேல சின்னச் செங்கற்களைக் குத்துவாக்கில், கோணலா அடுக்கின கூரை இருக்கும். அதுதான் 'மெட்ராஸ் டெரஸ்'. கம்பி இல்லை, கான்கிரீட் இல்லை, சுண்ணாம்புச் சாந்துதான். அது ஒழுக ஆரம்பிச்சதும் நம்ம ஆளுங்க முதல்ல செய்றது, மேலே ஒரு கோட் சிமென்ட் போடுறது. பார்க்க ஜம்முனு இருக்கும். ரெண்டு மழைக்காலம் போகட்டும், தெரியும் சேதி.

சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கும், வெளியேயும் விடும். சுவர் மூச்சு விடுதுன்னு கொத்தனார்கள் சொல்றது இதைத்தான். சிமென்ட் அந்த மூச்சை அடைச்சிடும். உள்ளே போன ஈரம் வெளியே வர முடியாமல் செங்கல்லிலேயே தங்கி, உப்பா பூத்து, செங்கல்லைப் பொடிப் பொடியா உதிர்க்கும். சிமென்ட் பூச்சு மட்டும் கெட்டியா நிக்கும், உள்ளே சுவர் இருக்காது! அதனாலதான் பழைய கட்டடத்துக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊற வைத்த தண்ணியில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசணும்னு பெரியவங்க சொல்றாங்க. இது பாட்டி வைத்தியம் இல்லை. சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து நாசமானதே, ஞாபகம் இருக்கா? இடிச்சுத் தள்ளிடுவாங்கன்னுதான் பல பேர் நினைச்சாங்க. பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்பும் தேக்குமாகவே மறுபடி எழுப்பி நிறுத்தியது. அந்தத் துறையில் பாரம்பரியக் கட்டடங்களுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. நம்ம கிண்டி பக்கத்துல சென்னை ஐ.ஐ.டி.யில், பாரம்பரியக் கட்டடங்களின் உறுதியை ஆராய ஒரு தேசிய மையமே இயங்குது. ஒரு கோபுரம் எவ்வளவு சாய்ந்திருக்கு, இன்னும் எவ்வளவு தாங்கும்னு கணக்குப் போடுறது சிவில் படிச்சவங்க வேலை.

கம்ப்யூட்டர் சயின்ஸ்? ஒரு சிற்பத்தைச் சுத்திச் சுத்தி, ஒரு படத்தின் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் வர்ற மாதிரி நூறு போட்டோ எடுங்க. இலவச மென்பொருளே அதை முப்பரிமாண மாதிரியா மாத்தித் தரும். நாளைக்கு அந்தச் சிற்பத்துக்கு ஏதாவது ஆச்சுன்னா, மிஞ்சுறது அந்தப் பதிவுதான். பி.காம்.? கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவு பண்ண வேண்டிய இரண்டு சதவிகிதப் பணத்தை வரலாற்றுக் கட்டடங்களைப் புதுப்பிக்கவும் செலவு பண்ணலாம்னு 2013 கம்பெனிகள் சட்டத்திலேயே இருக்கு. பல ஊர்களில் ஆர்வலர்களுக்கு இது தெரியாது. தெரிஞ்சாலும் திட்ட மதிப்பீடு எழுதத் தெரியாது. அந்த எழுத்து வேலைக்கு ஒரு பி.காம். ஆளைத் தேடித்தான் பிடிக்கணும்.

எங்கே, எப்படிப் படிக்கிறது?

முதல்ல நல்ல செய்தி. முன்னெல்லாம் ஒரே நேரத்தில் ரெண்டு படிப்பு என்றால் பல்கலைக்கழகம் ஒத்துக்காது. 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. அதை மாத்தியது. வகுப்பு நேரம் மோதிக்காம இருந்தா ரெண்டையும் நேரடியாவே படிக்கலாம். இல்லைன்னா ஒண்ணு ரெகுலர், இன்னொண்ணு தொலைதூரக் கல்வி அல்லது ஆன்லைன். ஆனா, உங்க பல்கலைக்கழகமும் காலேஜும் அந்த விதியை ஏத்துக்கிட்டிருக்கணும். ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி ஆபீஸ் ரூம்ல கேட்டு, பதிலை எழுத்துல வாங்கிடுங்க. வாய் வார்த்தை வேண்டாம்.

தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ சேர்றதா இருந்தா, அதை நடத்துற நிறுவனத்துக்கு அந்தப் படிப்பை நடத்த அனுமதி இருக்கான்னு யு.ஜி.சி. பட்டியலில் பாருங்க. மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் தொல்லியல், இந்தியக் கட்டடக்கலைன்னு பாடங்கள் அவ்வப்போது வரும். படிக்கக் காசில்லை, பரீட்சைக்கு மட்டும் கொஞ்சம் கட்டணும். சில காலேஜ்களில் அதன் கிரெடிட்டை டிகிரியிலேயே சேர்த்துக்கிறாங்க.

இன்னொரு விஷயம். வாரக் கடைசியில் ரெண்டு நாள் கல்வெட்டுப் பயிலரங்கம், ஒரு வாரச் சுவடிப் பயிற்சின்னு சென்னையில் அடிக்கடி நடக்கும். போங்க, நல்லா கத்துக்கலாம். ஆனா, அந்தச் சர்ட்டிஃபிகேட்டைக் காட்டி வேலை கிடைக்கும்னு யாராவது ஆயிரக்கணக்கில் ஃபீஸ் கேட்டா, கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

இதெல்லாம் கூடவே படிக்கிறது. டிகிரிக்கு அப்புறம்தான் பெரிய கதவுகள் திறக்கும். தமிழகத் தொல்லியல் துறை சென்னையில் நடத்துற ரெண்டு வருட முதுநிலைப் பட்டயப் படிப்பு அதில் ஒண்ணு. முதுகலை முடித்தவர்களை நுழைவுத் தேர்வு வைத்து எடுப்பாங்க. படிக்கும்போதே மாத உதவித்தொகை உண்டு. ரெண்டு வருஷமும் முழுநேரம் என்பதால் வேற எதையும் கூட வெச்சுக்க முடியாது. கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் ஆட்களுக்கு நொய்டாவில் இந்தியப் பாரம்பரிய நிறுவனத்தில் பொருள் பாதுகாப்பில் எம்.ஏ. இருக்கு. முன்னாடி தேசிய அருங்காட்சியக நிறுவனம்னு சொல்வாங்களே, அதேதான். ஆர்க்கிடெக்சர் மாணவர்களுக்கு டெல்லி, போபால் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகளில் பாதுகாப்புக்கென்றே எம்.ஆர்க். உளி பிடிச்சு வேலை கத்துக்கணுமா? மாமல்லபுரத்தில் 1957லேயே ஆரம்பிச்ச அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கு. ஈ.சி.ஆர். போற வழியில் பைக்கை நிறுத்தி ஒரு தடவை எட்டிப் பாருங்க.

புத்தகப் பிரியர்களுக்குக் கல், செம்பு எதுவும் வேண்டாம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு மனிதர் வாழ்நாள் பூரா சேர்த்த பழைய தமிழ் நூல்கள்தான் அதன் அடித்தளம். ஒடியுற காகிதத்தை எப்படிப் பிரிக்கிறது, எப்படிப் படம் பிடிச்சுக் காப்பாத்துறதுன்னு தெரிஞ்சுக்க அதைவிட நல்ல இடம் பக்கத்துல இல்லை. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம். ஓலைச்சுவடியில் எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி வளைய வைக்கிறதும், மங்கின எழுத்தில் கரியைத் தேய்த்துத் தெரிய வைக்கிறதும் சுவடியோடு பழகுறவங்களுக்கு அன்றாட வேலை.

பக்கத்து வீட்டுக்காரர் கோபம்

இப்போ கொஞ்சம் சீரியஸான விஷயத்துக்கு வருவோம். திரும்பவும் பல்லாவரம்.

கைக்கோடரி மட்டும் இல்லை. 1880களில் அலெக்சாண்டர் ரீ என்பவர் இங்கே தோண்டியபோது, காலுள்ள தொட்டி மாதிரி சுடுமண் ஈமப்பேழைகள் கிடைத்தன. இறந்தவர்களின் எலும்புகளை வைத்துப் புதைத்தவை. இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் பழசு. பல்லாவரத்தைச் சுற்றி இப்படிப்பட்ட பெருங்கற்காலப் புதைவிடங்கள் நிறைய. அவற்றில் சிலவற்றை மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கப்பட்ட இடங்களா அறிவிச்சிருக்கு. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் திறந்த பஸ் முனையத்துக்குப் பக்கத்திலும் அப்படி ஒரு இடம் உண்டு.

2010ல் சட்டத் திருத்தம் வந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுசா எதுவும் கட்டக் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் கட்டணும்னா அனுமதி வாங்கணும். மாமல்லபுரத்தில் இதைச் சொன்னா எல்லாருக்கும் புரியும். கண்ணெதிரே ரதம் நிக்குது. ஜமீன் பல்லாவரத்தில்? தரைக்கு மேல ஒண்ணுமே தெரியாது. தெரு, மனை, மாடி வீடு. அப்பா முப்பது வருஷம் சம்பாதிச்சு வாங்கின ஒன்றரை கிரவுண்டு. பொண்ணு கல்யாணத்துக்கு மேல ஒரு மாடி எடுக்கலாம்னு போனா, 'இது தொல்லியல் எல்லைக்குள்ள வருது'ன்னு சொல்றாங்க. பேங்க் லோன் கிடைக்காது, விற்கவும் முடியாது. அந்த மக்கள் வருஷக்கணக்கில் மனு கொடுத்துக்கிட்டு இருந்தாங்க.

வரலாற்றை நேசிக்கிற நமக்குச் சட்டுன்னு வாயில் வர்றது, 'ஜனங்களுக்கு வரலாற்று அறிவே இல்லை' என்ற டயலாக். தயவுசெய்து அதைச் சொல்லாதீங்க. சமையலறைக்கு அடியில் என்ன புதைஞ்சிருக்குன்னு தெரியாமலே அதுக்கான விலையைக் கொடுத்துக்கிட்டு இருக்கிறவர் அவர். அவரை எதிரியாக்கிட்டா அடுத்த தாழி கிடைக்கும்போது என்ன நடக்கும்? அஸ்திவாரம் தோண்டுறப்போ வாய் உடைஞ்ச பானை ஒண்ணு தட்டுப்படும். யாருக்கும் சொல்லாம, ராத்திரியோட ராத்திரியா நொறுக்கி மண்ணோடு லாரியில் ஏத்திடுவாங்க. வேலை நின்னுடுமே என்ற பயம்தான்! அந்தப் பானையோடு போறது திரும்ப வராது. ஃபூட்டுக்குக் கிடைச்ச சரளைக் குழியே இன்றைக்கு எங்கேன்னு காட்ட முடியாத அளவுக்கு ஊர் வளர்ந்தாச்சு.

என்னைக் கேட்டா, தென்சென்னைப் புறநகருக்கு இன்றைக்கு அவசரமா தேவைப்படுறது இன்னும் பத்து அகழ்வாராய்ச்சியாளர்கள் இல்லை. எந்த சர்வே நம்பரில் நிஜமா சின்னம் இருக்கு, எதில் இல்லைன்னு ஒழுங்கா வரைபடம் போட ஒரு ஜியாகிரஃபி ஆள். அந்த மனுவைப் படிச்சு, எந்த அலுவலகத்துக்கு என்ன படிவம்னு சொல்ல ஒரு சட்டக் கல்லூரி மாணவி. தெருவில் உட்கார்ந்து ஆயாக்கிட்டே பேசி, 'இங்கே முன்னாடி என்ன இருந்துச்சு?'ன்னு எழுதி வாங்க ஒரு விஸ்காம் பையன். தமிழ்நாட்டுக்கு மரபு ஆணையம் அமைக்க 2012லேயே சட்டசபையில் சட்டம் போட்டாச்சு. அது அமலுக்கு வர 2024 ஆயிடுச்சு. பன்னிரண்டு வருஷம்! அரசாங்கம் வரும் வரைக்கும் ஊரில் யாராவது ஒருத்தர் நோட்டுப் போட்டு எழுதி வைக்கணும் இல்லையா?

சட்டம் படிக்கிறவங்களுக்கு ஒரு துணுக்கு: மண்ணுக்கடியில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தா கலெக்டருக்குத் தெரிவிக்கணும்னு 1878ல் போட்ட சட்டம் இது. பத்து ரூபாய் மட்டும் மாறவே இல்லை!

வேலை கிடைக்குமா?

வீட்டில் கேட்கப் போற கேள்வி இதுதான். மழுப்ப வேண்டாம், கேம்பஸ் இன்டர்வியூவில் இந்த வேலை வராது. தொல்லியல் துறைப் பணியிடங்கள் குறைவு. அறிவிப்பு வர்றதும் எப்போதோ ஒரு தடவை. தனியார் பாதுகாப்புக் கட்டடக்கலை நிறுவனங்கள், மியூசியங்கள், நூலகங்கள், ஆவணக் காப்பகங்கள் எல்லாம் இருக்கு. ஆரம்பச் சம்பளம் ஐ.டி. நண்பனிடம் சொல்ற மாதிரி இருக்காது. அதனாலதான் 'டிகிரியை விடாதீங்க'ன்னு முதல்லயே சொன்னேன். கெமிஸ்ட்ரி தெரிஞ்ச தொல்லியல் ஆர்வலருக்கு ரெண்டு பக்கமும் வழி உண்டு. வெறும் ஆர்வலருக்கு ஒரு பக்கமும் கஷ்டம்.

தொடாமல் தொடங்குங்க

கத்துக்க வேண்டிய முதல் பாடம், கை வைக்காமல் இருக்கிறது. கல்வெட்டு தெளிவா தெரியலைன்னு சாக்பீஸ் தடவுறது, எண்ணெய் ஊத்துறது, கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கிறது... எதுவும் கூடாது. முறைப்படி மைப்படி எடுக்கிறதுன்னா கல்லைத் தண்ணீர் விட்டுச் சுத்தம் பண்ணி, ஈரக் காகிதத்தை அதன் மேல் ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, அப்புறம் மை ஒத்தணும். எழுத்து வெள்ளையா, சுத்தி கறுப்பா வரும். அனுமதி வாங்கி, தெரிஞ்சவங்க பக்கத்தில் நின்னு சொல்லித் தரும்போது மட்டும் செய்ய வேண்டிய வேலை அது.

அனுமதியே தேவைப்படாத வேலை, பார்த்து எழுதுறது. திரிசூலத்தில் இறங்கினா நாலு மலைக்கு நடுவில் சோழர் காலச் சிவன் கோயில். கல்வெட்டுகளில் அந்த ஊர் 'திருச்சுரம்'. பல்லாவரம் மலையில் மகேந்திரவர்மன் வெட்டின குடைவரை இருக்கு; அவனுடைய பட்டப் பெயர்கள் பாறையில் செதுக்கியிருக்கு. இன்றைக்கு அது தர்காவா மக்கள் வழிபடுற இடம். வழிபாடு நடக்கும் நேரத்தில் போட்டோ எடுத்துத் தொந்தரவு பண்ணாம, அங்கே இருக்கிறவங்களைக் கேட்டுட்டுப் போங்க.

சிட்லபாக்கத்துக்கு ரொம்பப் பக்கம்னா மாடம்பாக்கம். தேனுபுரீஸ்வரர் கோயில், மத்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கு. சந்நிதிக்குப் பின்பக்கம் போய் விமானத்தைப் பாருங்க. சதுரமா இருக்காது, படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி வளைஞ்சிருக்கும். தூங்கானை மாடம்னு பேரு. எல்லா ஊர்லயும் பார்க்கக் கிடைக்காது. அங்கேயே சுவர் ஓரமா கல்வெட்டைத் தேடுங்க. சாயங்காலம் நாலரை மணிக்கு மேல போறது நல்லது. உச்சி வெயிலில் தட்டையா, ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும் கல், வெயில் பக்கவாட்டில் சாய்ஞ்சு விழும்போது ஒவ்வொரு எழுத்தும் நிழலோடு எழும்பி நிற்கும். நிழலான சுவரா இருந்தா, செல்போன் டார்ச்சைக் கல்லுக்கு நேரா பிடிக்காம ஓரத்திலிருந்து சாய்ச்சுப் பிடிங்க. 'ஸ்வஸ்திஸ்ரீ'ன்னு ஆரம்பிக்கும் இடத்தை முதல்ல கண்டுபிடிங்க. பெரும்பாலும் அங்கிருந்துதான் வாசிக்கணும்.